வாசகர் கேள்வி–பதில்: ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது?

கேள்வி: தினம் ஒரு குவார்ட்டர் என்று இருந்தவன். டாக்டரிடம் காட்டி, இரண்டு மாதமாக விசேஷ நாளில் மட்டும் என்று குறைத்திருக்கிறேன். பகல் ஓடிவிடுகிறது. ஃபேக்டரிக்குத் தேயிலை போட்டுவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அப்புறம் கை சும்மா இருக்கிறது. டி.வி. போட்டால் பத்து நிமிடத்தில் கடை ஞாபகம். வாக்கிங் போகலாம் என்றால் எஸ்டேட் ரோட்டில் கரடி. என்ன பழகலாம்?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: வாக்கிங்கை விட்டது சரி. இருட்டியதும் கரடியும் காட்டுமாடும் தோட்டத்துக்குள் இறங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே ஒன்றைப் பிடிப்போம்.

அதற்கு முன்னால் வயிறு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதுவே 400 கலோரிக்கு மேல். அத்தனையும் திடீரென்று நின்றுபோனதால், ஆறு மணிக்கு வருகிற ஆசையில் பசியும் கலந்திருக்கும். வந்ததும் சுண்டலோ, அவித்த உருளைக்கிழங்கும் இரண்டு முட்டையுமோ சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். கடை ஞாபகம் வரும், ஆனால் இழுக்காது.

பொழுதுபோக்கு என்றதும் மீன்பிடிப்பது, பைக்கில் ஊர் சுற்றுவது என்று யோசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தைக் காப்பாற்றாது. குடித்த அதே நேரத்தில் கையைப் பிடித்து வைக்க வேண்டும், நாளைக்கும் 'வந்து பார்' என்று கூப்பிட வேண்டும். உங்களுக்குச் சிப்பிக்காளான் பொருந்தும். இரண்டு பை மட்டும் போடுங்கள், பத்து வேண்டாம்.

காய்ந்த நெல் வைக்கோல் ஒரு கிலோ. கோத்தகிரியில் நெல் இல்லை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்துதான் வரவேண்டும். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை வாங்காதீர்கள். காளான் விதை 300 கிராம் பாக்கெட் ஒன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். வெள்ளையாக, பஞ்சு பூத்தாற்போல் இருக்க வேண்டும். பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு, ஓரடி அகலமும் இரண்டடி நீளமும் உள்ள பாலித்தீன் பை இரண்டு.

வைக்கோலை இரண்டங்குலத் துண்டாக வெட்டி, ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஆறு மணிக்கு அண்டாவில் ஏற்றி முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நம் குளிரில் வைக்கோலைப் பரப்பி ஈரம் இழுக்கக் காத்திருந்தால் விடிந்துவிடும். சுத்தமான சாக்கில் கட்டித் தொங்கவிட்டு வடித்து, கடைசியில் மட்டும் வெந்நீரில் அலசிய துணியில் பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். இந்தப் பதம்தான் எல்லாமே. முதல்முறை போடுகிறவர்களின் பை பச்சைப் பூஞ்சை பிடித்து நாறுவது பெரும்பாலும் இங்கே அவசரப்பட்டதால்தான்.

சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, பையில் இரண்டங்குலம் வைக்கோல், அதன் ஓரத்தைச் சுற்றி விதை, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு அமுக்கிப் போட்டுக் கட்டுங்கள். பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளை. இதெல்லாம் முடியும்போது மணி ஒன்பதரை ஆகியிருக்கும். பத்துக்குக் கடை மூடிவிடும்.

பையை இருட்டான, கதகதப்பான மூலையில் வையுங்கள். சமையலறைப் பக்கம் நல்லது, புகை மட்டும் படக் கூடாது. கீழ்நாட்டில் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளை படரும். இங்கே 25, 30 நாள்கூட ஆகலாம். அதுவரை தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று காலண்டரில் குறியுங்கள். முழுக்க வெளுத்ததும் பையைக் கிழித்து, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் ஸ்பிரேயரில் பனிபோலத் தண்ணீர் அடியுங்கள். குண்டூசித் தலைபோல மொட்டு வந்த மூன்றாம் நாள் பறிக்கலாம். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதவில்லை. மொட்டு மஞ்சளித்துச் சுருங்கினால் ஈரம் போதவில்லை. குடை முழுக்க விரிந்து ஓரம் மேலே சுருளும்வரை விட்டுவிட்டால் வித்துத் தூள் பறந்து இருமல் வரும், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பையில் மூன்று பறிப்பில் அரைக்கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

ஆசை வரும் வேகம் பெரும்பாலும் கால்மணி, அரைமணியில் தணிந்துவிடும். ஸ்பிரேயரை அந்த நேரத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் தினமும் ஆஃப் பாட்டில் குடிக்கிறார். நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன் என்கிறார். அவரை எதில் இறக்கிவிடலாம்?
– குன்னூர் வாசகி

பதில்: சகோதரி, பொழுதுபோக்கு பிறகு. முதலில் ஆஸ்பத்திரி. தினமும் அந்த அளவு குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை வரலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாததைப் பார்ப்பது, ஆள் தெரியாமல் பேசுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பக்குவமாக இறக்குவார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவர் நிறுத்த நினைப்பதே பெரிய விஷயம், அதைப் பயம் காட்டிக் கெடுக்காமல் கூடவே போங்கள்.

கேள்வி: பிராந்தியை விட்டுவிட்டேன். வீட்டில் பிளம்ஸ் காய்த்துக் கொட்டுகிறது. பொழுதுபோக்காக ஒயின் போடலாமா? பழச்சாறுதானே?
– ஊட்டி வாசகர்

பதில்: வேண்டாம். உரிமம் இல்லாமல் போடுவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், ஜாடியில் நுரை அடங்கியதா என்று தினமும் மோந்து பார்க்கிற வேலை உங்களுக்கு ஆகாது.

அதே பழத்தில் ஜாம் போடுங்கள். கொட்டை நீக்கிய பழம் ஒரு கிலோவை, தோலோடு அரைக் கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, 750 கிராம் சர்க்கரை சேருங்கள். பிளம்ஸ் தோலிலேயே ஜாமை இறுக்கும் பெக்டின் இருக்கிறது, பொடி எதுவும் வேண்டாம். புத்தகத்தில் 105 டிகிரி வரும்வரை காய்ச்சு என்று போட்டிருப்பார்கள். அது கீழ்நாட்டுக் கணக்கு. ஊட்டி உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும், ஜாம் 98-ஐ ஒட்டியே பதமாகிவிடும். 105-க்குக் காத்திருந்தால் ஆறியதும் கல்லாகிக் கரண்டி இறங்காது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஆடைபோலச் சுருக்கம் விழுந்தால் அடுப்பை அணைக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் ஜாம் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும்.

கேள்வி: சனிக்கிழமை ராத்திரிக் குடியைக் குறைக்க, ஞாயிறு விடியலில் பறவை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். எந்த பைனாகுலர் வாங்குவது?
– வெலிங்டன் வாசகர்

பதில்: நல்ல யோசனை. ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டியவருக்கு முதல்நாள் ராத்திரி தானாகச் சுருங்கும். பெட்டியில் 8 பெருக்கல் 42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை ஆட்டமும் பத்து மடங்காகும். 25 மில்லிமீட்டர் குட்டி பைனாகுலர் சோலை நிழலிலும் பனிமூட்டத்திலும் இருட்டடிக்கும். நைட்ரஜன் அடைத்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் நம் ஈரத்தில் உள்லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், சோலை ஓரமே முதலில் போதும். தொட்டபெட்டா பக்கம் நீலகிரிச் சிரிப்பானைத் தேடுங்கள். செம்பழுப்பு வயிறு, வெள்ளைப் புருவம். ஆளுக்கு முன்னால் சிரிப்புச் சத்தம் வந்துவிடும். கண்ணால் பறவையைப் பிடித்ததும் தலையைக் குனியாதீர்கள். பார்வையை அங்கேயே வைத்தபடி பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.