ரீல்ஸ் போடும் மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா,

"காலேஜ் வேண்டாம், ரீல்ஸ் போட்டே சம்பாதிக்கிறேன் என்கிறான், ராத்திரி தூக்கமே வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய அவனுடைய பக்கத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். சினிமாப் பாட்டுக்கு ஆடிய வீடியோக்களில் லைக் இருக்கிறது, கமெண்ட்டில் பேச்சு எதுவும் இல்லை. ஆனால் அப்பாவின் டூவீலர் பட்டறையில் நின்றுகொண்டு, செயின் ஏன் அடிக்கடி லூசாகிறது என்று கையில் ஸ்பேனரோடு காட்டினான் பாருங்கள், அதற்குக் கீழே முகம் தெரியாத ஆட்கள் வந்து "என் வண்டியிலும் அதே சத்தம் தம்பி, என்ன பண்ணலாம்" என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு அவன் அப்பாவின் தொழில் தெரியும், அதைச் சொல்லவும் வருகிறது. அதனால் அவனைத் தடுக்கச் சொல்லமாட்டேன், படிப்பை விடவும் சொல்லமாட்டேன்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம், வீட்டில் சண்டையே அதில்தானே. ரீல்ஸ் மாதிரியே சின்ன வீடியோ போடுகிற யூடியூப் ஷார்ட்ஸில் விளம்பர வருமானத்தில் பங்கு வரவேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும், 90 நாட்களுக்குள் 1 கோடி பார்வைகளும் வேண்டும். நீள வீடியோ வழியாகப் போனால் 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், ஷார்ட்ஸ் விளம்பரப் பணம் எல்லாம் ஒரே இடத்தில் திரட்டப்பட்டு, பார்வைக் கணக்கில் அவனுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம்தான் கைக்கு வரும். 18 வயது ஆகும்வரை அந்தப் பணம் பெற்றோர் கணக்கு வழியாகத்தான் வரமுடியும், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்துவது கஷ்டம். அப்புறம், 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்களே, லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. அவர்களில் கையில் ஒரு விஷயம் வைத்திருந்தவர்கள் வேறு தளத்தில் மறுபடி ஆரம்பிக்க முடிந்தது.

அதனால்தான் படிப்பைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இந்த ஆசையோடு வருகிற எல்லாப் பிள்ளைகளையும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சி ஊடகப் படிப்பு) சேர்த்துவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எடிட்டிங்கிலும் கேமராவிலும் உண்மையான வெறி இருந்தால் விஸ்காம் நல்ல படிப்புதான். உங்கள் பையனுக்கு நான் ஆட்டோமொபைல் டிப்ளமோதான் சொல்வேன். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்திருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம், இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். இன்று அவனுக்கு கார்புரேட்டர் தெரியும், நாளைக்கு எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியையும் பேட்டரி வண்டியையும் பற்றிக் கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்லத் தெரியவேண்டாமா? சேனல் ஓடாமல் போனாலும் வேலை கையில் இருக்கும்.

சரி, தம்பிக்கும் கொஞ்சம். இதை அவனிடம் படிக்கக் கொடுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று காட்டும், கீழே, நொடிக்கு நொடி எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கோடும் ஓடும். அந்தக் கோடு எந்த நொடியில் விழுகிறதோ அந்த இடத்தை வீடியோவில் போட்டுப் பார். நீ "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், நம்ம சேனலுக்கு வெல்கம்" என்று சொல்கிற இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லூசான செயின் கடகடவென்று அடிக்கிற சத்தத்தோடு ஆரம்பி, பெயரை அப்புறம் சொல்லலாம். பட்டறையில் கம்ப்ரசர் ஓடும்போது பேசாதே, பாதி வார்த்தை கேட்கவில்லை. சட்டைக் காலரில் குத்துகிற மைக் ஒன்று போதும், இஎம்ஐயில் புது ஐபோன் கேட்டு அப்பாவை நெருக்காதே. பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வீடியோ எடுத்துக் கொடுத்து கூலி வாங்கு. விளம்பரப் பங்குக்கு முன்னால் வருகிற காசு அதுதான்.

அம்மா, ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஃபாலோயர்ஸ் கொஞ்சம் ஏறியதும் பெட்டிங் ஆப், ரம்மி ஆப் ஆட்கள் இன்பாக்ஸுக்கு வந்துவிடுவார்கள், நல்ல பணமும் சொல்வார்கள். 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி, பணம் கட்டி ஆடும் விளையாட்டை விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நியாயமான விளம்பரம் என்றாலும் காசு வாங்கியதை வீடியோவிலேயே தெரியும்படி சொல்லவேண்டும். மெசேஜ் எது வந்தாலும் பதில் போடுவதற்கு முன் உங்களிடம் காட்டட்டும்.

பரீட்சை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கட்டும், ஒரே நாளில் நாலைந்து வீடியோ எடுத்து வைத்தால் வாரம் முழுக்கப் போடலாம். ரிசல்ட் வந்ததும் மதிப்பெண்ணை அனுப்புங்கள், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இருக்கிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.