மணிக்கூண்டிலிருந்து விழுந்த ஜாக்கி: ‘புராஜெக்ட் ஏ’ கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஜாக்கி சான்னாலே எல்லாரும் ‘போலீஸ் ஸ்டோரி’தான் சொல்றாங்க. நீங்க மட்டும் ‘புராஜெக்ட் ஏ’ புகழ் பாடறீங்களே?

பதில்: பாடத்தான் செய்வேன் தம்பி. 1983-ல் அவரே இயக்கி நடித்தது. பிரிட்டிஷ் கால ஹாங்காங், கடல் போலீஸ், கடற்கொள்ளையர், அவ்வளவுதான் கதை. ஆரம்பத்தில் ஒரு கிளப் அடிதடி வரும். ஜாக்கியும் சக நடிகர் யுவன் பியாவும் ஆளுக்கொரு நாற்காலியை ஒருவர் மேல் ஒருவர் போட்டு உடைப்பார்கள். வலியே இல்லாத மாதிரி முறைத்துக்கொண்டு விலகுவார்கள். மறைவுக்குப் போனதும் துடிப்பார்கள் பாருங்கள்! நம் ஹீரோக்களுக்கு வலிக்காது. இங்கே வலிதான் காமெடியே.

கேள்வி: மணிக்கூண்டுக் காட்சியில் டூப்பா?

பதில்: இல்லை, அவரேதான். 1923-ல் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் ஹரால்ட் லாயிட் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கினார். ஜாக்கி தொங்கிவிட்டுக் கையையும் விட்டுவிடுகிறார். இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுகிறார். ஒரு தடவை விழுந்தது போதாதென்று வேறொரு டேக்கையும் அடுத்தே ஒட்டியிருக்கிறார். கதைப்படி ஒரே ஆள் எப்படி ரெண்டு தடவை விழுவான்? எடிட்டிங் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் ரெண்டு தடவையும் கை தட்டினேன்.

கேள்வி: சார், விமர்சகர்கள் இதை மசாலாப் படமாகத்தானே பார்க்கிறார்கள்?

பதில்: இல்லை. டேவிட் போர்ட்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ‘பிளானட் ஹாங்காங்’ 2000-ல் வந்த புத்தகம். ஹாங்காங் சண்டைக்கு ஒரு தாளம் உண்டு என்கிறார் அவர்: சட்டென்று ஒரு நிறுத்தம், பிறகு வெடிப்பு, மறுபடி நிறுத்தம். அதனால் யார் யாரை எங்கே அடித்தார் என்பது நமக்குக் குழம்புவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு சந்துக்குள் நடக்கும் சைக்கிள் துரத்தலைத் திரும்பப் பாருங்கள். மௌனப்பட கால நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனோடு ஜாக்கியை ஒப்பிடுவதும் சும்மா இல்லை. 1928-ல் கீட்டன் மேல் வீட்டு முகப்பு சாய்ந்து, ஜன்னல் ஓட்டை வழியாக அவர் தப்பிப்பாரே, அதை 1987-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜாக்கி அப்படியே செய்துகாட்டினார்.

‘புராஜெக்ட் ஏ’வில் குறை இல்லாமல் இல்லை. நடுவில் துப்பாக்கிக் கடத்தல், திருடன், போலீஸ் ஊழல் என்று கதை நாலு திசையில் ஓடுகிறது. பெண்களுக்கு வேலையே இல்லை.

கேள்வி: படத்தில் சேர்ந்து நடித்த சம்மோ ஹங், யுவன் பியாவ், ஜாக்கி மூவரும் நிஜத்திலும் நண்பர்களா?

பதில்: சின்ன வயதில் யூ ஜிம்-யுவன் என்ற வாத்தியாரிடம் ஒன்றாகப் பீகிங் ஓபரா என்ற சீன இசை நாடகக் கலை படித்தவர்கள். டிக் வெய்யின் கொள்ளைக்காரத் தலைவனோடு மூவரும் மோதும் கடைசிச் சண்டையில் அந்தப் பழக்கம் தெரியும்.

கேள்வி: எந்த மொழியில் பார்க்கலாம்?

பதில்: கான்டனீஸ், சப்டைட்டிலோடு. வாயசைவு பொருந்தாவிட்டால் பதறாதீர்கள், அப்போது ஹாங்காங்கில் பின்னணிக் குரல் சேர்ப்பதுதான் வழக்கம். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். சொதப்பிய டேக்குகள் ஓடும், மணிக்கூண்டும் அதில் உண்டு.