உடைஞ்ச இங்கிலீஷா அது?

"சார், நீங்க சொன்னதால சாம் செல்வனோட லோன்லி லண்டனர்ஸ் நாவலை எடுத்தேன். முப்பது பக்கம் தாண்டல. கதாபாத்திரங்க கொச்சையா பேசட்டும், ஆசிரியரே ஏன் உடைஞ்ச இங்கிலீஷ்ல எழுதணும்? அனான்சி கதைகளும் படிக்கணுமா, அது சின்னப் பசங்க கதைதானே? ஆடியோபுக் இருக்கா?"

தம்பி,

ஆடியோபுக் கூகுள்ல தேடிக்கோங்க, அதுக்கு நான் எதுக்கு. அனான்சி, மேற்கு ஆப்பிரிக்காவோட அகான் மக்களோட அடிமைக் கப்பல்ல கரீபியன் தீவுகளுக்கு வந்த சிலந்தி, சவுக்கடி வாங்கினவங்க ராத்திரி உக்காந்து, பலமில்லாதவன் புலியை ஏமாத்துற கதையைச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க, சின்னப் பசங்க கதையாம்! அது இன்னொரு நாள்.

"ஆசிரியரே ஏன்"னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு, ஏன்னா கொஞ்ச நாளா இதையேதான் யோசிச்சிட்டு இருக்கேன். டயலாக் மட்டும் வட்டார மொழி, கதை சொல்றது சுத்தமான மொழின்னா என்ன அர்த்தம்? கதாபாத்திரம் திண்ணையோட நிக்கணும், ஆசிரியர் உள்ள நாற்காலில உக்காந்துகிட்டு அவனைப் பத்தி நமக்கு விளக்கணும், அதானே? செல்வன் கரீபியன் தீவான டிரினிடாட்ல, சான் ஃபெர்னாண்டோல 1923ல பொறந்தவர், அப்பா மெட்ராஸ்ல இருந்து போனவர். 1950ல லண்டன் வந்தாரு. இந்த நாவலை முதல்ல நீங்க கேக்குற மாதிரியேதான் எழுதிப் பாத்தாரு, பேச்சு மட்டும் டயலெக்ட்ல, மத்ததெல்லாம் ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ்ல. நகரவே இல்ல. கதை சொல்ற குரலையே மாத்தினாரு, மடமடன்னு ஓடிருச்சு, 1956ல புத்தகம் வந்துருச்சு. ஜமைக்கால வி. எஸ். ரீட் அதுக்கும் முன்னாடி 1949லயே ஒரு கிழவனோட பேச்சுலயே முழு நாவலையும் சொல்லிட்டாரு.

உடைஞ்சதுன்னு எதைச் சொல்றீங்க? டிரினிடாட் பேச்சுல தினமும் செய்யுற காரியத்துக்குன்னே தனியா ஒரு துணைவினை இருக்கு, அவங்களுக்கு அது இலக்கணம். அதையும் செல்வன் காதுல விழுந்தபடி எழுதிடல, வெளியாளும் படிக்கிற மாதிரி இழைச்சு இழைச்சு செஞ்ச மொழி அது. இதே கேள்வியை ஜமைக்கால கவிஞர் லூயிஸ் பென்னட்கிட்டயும் கேட்டாங்க, டயலெக்டைக் கொல்லணும்னா உங்க பழைய கவிஞர்கள் சாசரையும் பர்ன்ஸையும் ஷேக்ஸ்பியர்ல நிறையவும் சேர்த்துக் கிழிச்சுப் போடுங்கன்னு அந்தம்மா கவிதையிலயே திருப்பிக் குடுத்தாங்க.

லண்டன்ல நான் நைட் ஷிஃப்ட் பாத்த இடத்துல டிரினிடாட்காரங்க ஒரு அக்கா இருந்தாங்க. மேனேஜர்கிட்ட ஒரு இங்கிலீஷ், வீட்டுக்கு ஃபோன் போட்டா வேற இங்கிலீஷ். ஒரு நாள் இந்தப் புத்தகத்தை அவங்க கைல குடுத்தேன், நாவலோட நாயகன் மோசஸ் பனிமூட்டத்துல வாட்டர்லூ ஸ்டேஷன் போக பஸ் ஏறுற முதல் பக்கம், சத்தமா படிச்சாங்க, நடுவுல நிறுத்தி, "இந்த ஆளு எங்க மாமா மாதிரியே பேசுறான்"னாங்க. மோசஸைச் சொல்லல தம்பி, அவன் இன்னும் வாயையே திறக்கல! கதை சொல்றவனைச் சொன்னாங்க. நீங்க கேக்குற சுத்தமான நடைல எழுதியிருந்தா அந்த மாமா எங்கேர்ந்து வந்திருப்பாரு?

இன்னொண்ணு, நீங்க நிறுத்தின இடத்துக்கு ரொம்ப அப்பால லண்டன் வெயில்காலம் வருது, பக்கம் பக்கமா கமா கிடையாது முற்றுப்புள்ளி கிடையாது, அதை விட்டுட்டுப் போறேங்கிறீங்களே, அதான் வயித்தெரிச்சல்.

முப்பது பக்கம் படிச்சீங்களே, அதுவே பெருசு, கோச்சுக்காதீங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க, இந்தத் தடவை வாய்விட்டு. வீட்ல திட்டினா கதவைச் சாத்திக்கோங்க.