மழை ஓய்ந்த மலைப்பாதை: மார்கழி, தை மாத வேலை பற்றிச் சில கேள்விகள்

சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் பாதை சீர்செய்யப் போகும் தன்னார்வலர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும்.

வேளச்சேரி: அக்கா, பனிக்காலத்தில்தான் பாதை வேலை என்கிறீர்கள். வெயில் குறைவு என்பதாலா?

அதுவும் உண்டு. ஆனால் முக்கியம் மண். ஐப்பசி, கார்த்திகை மழை எங்கே அறுத்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஈரம் காயாததால் மம்பட்டியும் இறங்கும். மாசி பிறந்தால் தரை இறுகிவிடும், புல் காய்ந்து நெருப்புக் காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் பலர் நம் சென்னைக்காரர்கள். அதன் பிறகு பிப்ரவரி பாதியோடு மலை வேலையை நிறுத்திவிடுவேன். யார் கூப்பிட்டாலும் போவதில்லை.

அம்பத்தூர்: போன வருடம் பள்ளங்களையெல்லாம் மண் போட்டு நிரப்பினோம். இப்போது இன்னும் பெரிதாகிவிட்டன. எங்கே தப்பு?

மண் போட்டது தப்பில்லை தம்பி, தண்ணீரை அதன் போக்கில் விட்டதுதான் தப்பு. நடக்கிற கால் மண்ணை இளக்கும், அவ்வளவுதான். அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். சரிவில் நேராக இறங்கும் பாதை மழை வந்தால் வாய்க்கால்தான். நீங்கள் கொட்டிய மண் முதல் மழையிலேயே அடிவாரம் போயிருக்கும்.

பள்ளத்தை விட்டுவிட்டு இருபது அடி மேலே ஏறுங்கள். பாட்டில் தண்ணீரைப் பாதையில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மழைநீர் பாதைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்கே சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் கல் வரிசை பதியுங்கள். நேர்குறுக்காக வைத்தால் தண்ணீர் தேங்கி, வண்டல் ஏறி, கல்லைத் தாண்டிவிடும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும். ஏறி நின்று ஆட்டினால் அசையக் கூடாது. வரிசை இரண்டு ஓரமும் ஓர் அடி வெளியே நீளட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அப்புறம், மலை கீழே இறங்கும் பக்கம் தண்ணீர் வெளியேற அகலமாக ஒரு வாய் வெட்டுங்கள். முதலில் அடைவது அந்த வாய்தான். போன வருடம் வைத்த கல் வரிசையில் சருகை வழித்து வாயைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. புதுக் கல் வைப்பதைவிட இதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன்.

தாம்பரம்: பாதையை மூடும் உண்ணிச்செடியை வெட்டினால் மறுபடி தழைக்கிறதே?

வெட்டினால் தழைக்கத்தான் செய்யும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே கொத்தி, வேரோடு எடுத்து, தலைகீழாக வைத்துக் காயவிடுங்கள். காய் பழுக்கும் முன்னே எடுத்துவிட வேண்டும். பழுத்தால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். ஒன்று முக்கியம்: காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது. வனச்சரகர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக வாங்கிக்கொண்டு, அந்த ஊர் மலைவாசிகளில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே வழிமாறும் என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

பெரம்பூர்: பாம்புக்குப் பயந்து அம்மா விடமாட்டேன் என்கிறார்.

அம்மா பயப்படுவது நியாயம்தான் மா. குளிர் காலையில் பாம்பு பாதையிலேயே வெயில் காயும். கல்லைப் புரட்டும்போது அப்பாலுள்ள விளிம்பைக் கடப்பாரையால் தூக்கி உங்கள் பக்கம் சாயுங்கள். அடியில் ஏதாவது இருந்தால் அது எதிர்ப்பக்கம் போக வழி கிடைக்கும். கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அசையாமல் வைத்து நேராக அரசு மருத்துவமனை.

எனக்குப் பாம்பைவிட உண்ணிக் காய்ச்சல்தான் கவலை. புதரில் இருக்கும் பூச்சிக்குஞ்சு கடித்து வருவது அது. அந்தக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. எங்கள் குழுவில் ஒருவருக்கு ஊர் திரும்பிப் பத்தாம் நாள் காய்ச்சல். டெங்கு என்று நினைத்து நான்கு நாள் வீணானது. கடைசியில் இடுப்புப் பட்டைக்குக் கீழே, சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்கவே இல்லையாம். டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் தேறினார். முழுக்கை, முழுக்கால் சட்டை போடுங்கள், காலுறைக்குள் கால்சட்டை நுனியைச் செருகுங்கள், வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவர் கேட்கும் முன்பே "மலைக்குப் போய் வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள்.

மடிப்பாக்கம்: வேலையை எத்தனை மணிக்கு முடிப்பது?

மூன்று மணிக்கு. மார்கழியில் மலைச்சரிவில் சீக்கிரம் இருட்டிவிடும். கிளம்பும் முன் அரிவாள், மம்பட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் எண்ணுங்கள். புல்லுக்குள் விட்டுவந்த அரிவாள் அடுத்து வருகிறவர் காலுக்குத்தான்.