கனவைக் கேட்டு முடிவெடுக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கனவு குறித்து இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குச் செல்பவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து, அவருடைய படகு கவிழ்வதுபோல் அடிக்கடி கனவு காண்கிறேன். 'இந்தத் தடவை அவனை அனுப்பாதே' என்கிறார் மாமியார். படகின் பேரில் கடனோ கழுத்தை நெரிக்கிறது. நான் என்ன செய்வது?
– வாசகி, பாம்பன்

பதில்: தங்கள் கனவில் உள்ள அச்சம் முற்றிலும் உண்மையானது. அதன் காரணத்தைக் கடலில் தேடுவதற்கு முன்னால் வீட்டில் தேடிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கரையிலேயே இருந்து, வலையைச் சரிசெய்து, இரவில் பிள்ளைகளுடன் உறங்கிய மனிதர் திடீரென்று ஒரு நாள் மறுபடியும் நடுக்கடலுக்குப் போகிறார். எல்லை தாண்டியதாகச் சிறைபிடிக்கப்பட்ட படகுகளைப் பற்றிய செய்தியும், கடன்காரரின் தொலைபேசி அழைப்பும் அதே வாரத்தில் வந்து சேர்கின்றன. பகலில் அடக்கி வைத்த கவலை இரவில் படகு கவிழும் காட்சியாக வெளிப்படுவதில் வியப்பில்லை.

கடற்கரையில் இத்தகைய கனவைக் காணாத குடும்பமே இருக்காது. கனவு கண்ட பிறகும் படகு நலமாகக் கரை திரும்பிய நாட்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. என்றைக்கோ ஒருமுறை ஒத்துப்போனால் அது மட்டும் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கெட்ட கனவு அப்படியே பலித்ததே என்று தங்கள் மாமியார் கேட்கக்கூடும். காப்பியத்தின் முடிவை அறிந்த புலவர் அமைத்த கனவு அது. பலிக்காமல் இருக்க முடியாது. அந்தக் கனவுக்குப் பரிகாரமாகச் சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் நீராடும்படி தோழி தேவந்தி சொன்னபோது, அது பெருமை தராது என்று கண்ணகி மறுத்துவிட்டாள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

படகு போகலாமா, கூடாதா என்பதைக் காற்று தீர்மானிக்கட்டும். வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பும், பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும், மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு கொடுக்கிறதா நிறுத்தி வைத்திருக்கிறதா என்பதும்தான் அதற்குரிய சான்றுகள். ஆனால் கனவைக் கொண்டு கணவரிடம் சில கேள்விகளைக் கேட்கலாம். படகில் ஏறும் ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்கின்றனவா? அவை கைக்கெட்டும் இடத்தில் தொங்குகின்றனவா, ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடக்கின்றனவா? வயர்லெஸ் கருவி வேலை செய்கிறதா? தண்ணீர் இறைக்கும் பம்பை இயக்கிப் பார்த்தார்களா? இவற்றைக் கடலுக்குப் போகாத நாளில் பகலில் கேளுங்கள். வாசலில் காலெடுத்து வைக்கும் நேரத்தில் கனவைச் சொன்னால், தங்கள் அச்சத்தை அவரும் சுமந்துகொண்டு போவார். கவனம் சிதறிய ஆள் படகில் இருப்பது கனவைவிட ஆபத்தானது.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து உறக்கத்தைக் கெடுத்தால், மனநல மருத்துவர்கள் கையாளும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. பகலில் அமர்ந்து அந்தக் கனவை எழுதி, அதன் முடிவைத் தாங்கள் விரும்பியவாறு மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் சில நிமிடங்கள் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, உண்மையா? அடுத்து என்ன படிப்பது என்று முடிவு செய்வதற்காக என் கனவுகளை நோட்டில் எழுதி வருகிறேன்.
– மாணவர், தங்கச்சிமடம்

பதில்: விடியற்காலைக் கனவு நினைவில் நிற்கும் என்பது உண்மை, பலிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. உறங்குபவரின் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் உறக்கநிலையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் விவரித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் தோன்றுகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் அந்த நிலை விடியலை நெருங்க நெருங்க நீளுகிறது. அதன் நடுவில் விழிப்பவருக்குக் கனவு எளிதில் மறப்பதில்லை.

நோட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டாம். நரம்புகள் வேதிப்பொருள் வழியாகவும் செய்தி அனுப்புகின்றன என்று நிறுவி 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆட்டோ லோவி, அதற்கான சோதனையைக் கனவில்தான் கண்டார். முதல் இரவு கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறு இரவு அதே எண்ணம் திரும்பி வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்த் தவளையின் இதயத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார். அந்தக் கருத்து அவர் மனத்தில் 1903 முதலே கிடந்தது. தங்கள் மனத்தில் ஏற்கெனவே கிடப்பது எது என்பதை அந்த நோட்டு காட்டக்கூடும். மதிப்பெண், கட்டணம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை விழித்திருக்கும்போது விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: மகளுக்கு வந்த வரன் குறித்து, நல்ல முடிவுக்கு இறைவனிடம் வழிகேட்கும் இஸ்திகாரா தொழுகை தொழுதேன். கனவு எதுவும் வரவில்லை. இதை மறுப்பு என்று கொள்வதா?
– வாசகி, கீழக்கரை

பதில்: மார்க்கத் தீர்ப்பை மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும் என்றாலும், நபிமொழியான ஹதீஸில் உள்ளதைச் சொல்லலாம். கடமையல்லாத இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுதுவிட்டு, 'இக்காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் நல்லதென்றால் இதை எளிதாக்கு, தீயதென்றால் என்னைவிட்டு விலக்கு' என்ற கருத்தில் துஆ (பிரார்த்தனை) கேட்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எனவே கனவு வராததை மறுப்பாகக் கொள்ள இடமில்லை. மாப்பிள்ளையின் குணத்தையும் தொழிலையும் பற்றி அவர் வேலை பார்க்கும் ஊரில் விசாரியுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் திருமணத்துக்குப் பின் மகள் எங்கே இருப்பாள் என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். மகளின் விருப்பத்தையும் கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லையே.

கேள்வி: மனநலம் பாதித்த என் தம்பியை ஏர்வாடி தர்காவில் தங்க வைத்திருக்கிறோம். அங்கே அடங்கியிருக்கும் மகானின் உத்தரவு கனவில் கிடைத்த பிறகுதான் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும் என்று உடன் இருக்கும் அம்மா உறுதியாகச் சொல்கிறார். மாதங்கள் ஓடுகின்றன.
– வாசகர், சாயல்குடி

பதில்: இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் அடக்கத்தலத்தை எல்லா மதத்தவரும் நாடி வருகிறார்கள், அங்கே தங்குவதால் அம்மாவுக்குக் கிடைக்கும் ஆறுதலைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் தம்பியின் சிகிச்சை ஒரு கனவுக்காகக் காத்திருக்கக் கூடாது. விழித்திருக்கும்போதே யாரோ கட்டளையிடுவதுபோல் குரல் கேட்பது மனச்சிதைவு நோயின் அறிகுறிகளில் ஒன்று. தம்பிக்கு அந்த நோய் இருக்குமானால், உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டே இரு என்று அவரிடம் சொல்வது நோய்க்குத் தீனி போடுவதாகிவிடும். மருந்தைத் தொடங்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்குகிறது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். உத்தரவு வரும்வரை இருக்கட்டும் என்று குடும்பங்கள் விட்டுச் சென்றவர்களும் அத்தகைய காப்பகங்களில் இருந்தார்கள். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. தம்பி தங்கியிருக்கும் இடத்தில் அவர் காலைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருந்தையும் துஆவையும் சேர்த்தே கொடுக்கும் ஏற்பாடு ஏர்வாடியில் அரசு மனநல மருத்துவர்களைக் கொண்டு செய்யப்பட்டது. அம்மாவிடம் கனவை மறுத்து வாதாடாமல், காத்திருக்கும் காலத்தில் மருந்தும் நடக்கட்டும் என்று பேசிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தாங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது: கனவில் உத்தரவு கிடைத்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கேள்வி: அறுபது வயதைக் கடந்த என் கணவர் தூக்கத்தில் யாருடனோ சண்டையிடுவதுபோல் கத்துகிறார், உதைக்கிறார், போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். காத்துக்கருப்பு பிடித்திருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்கிறார்கள்.
– வாசகி, தொண்டி

பதில்: இங்கே வந்த கடிதங்களில் கனவை உடனடியாகப் பொருட்படுத்த வேண்டியது தங்களுடையதுதான். கனவு காணும் உறக்கநிலையில் கை கால் தசைகள் செயலற்றுக் கிடப்பது இயல்பு. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தவர்கள் கனவில் செய்வதை உடம்பாலும் செய்துவிடுகிறார்கள். சிலருக்கு இது பார்கின்சன் போன்ற நரம்பு நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் அடையாளமாக இருக்கிறது. சிலருக்குச் சில மாத்திரைகளால் ஏற்படுகிறது. கயிறு கட்டுவது தங்கள் விருப்பம். அதற்காக நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை அவரைத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்து, அரிவாள்மனை, விளக்கு, கண்ணாடிப் பொருள்கள் ஆகியவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டுத் தாங்கள் சற்றுத் தள்ளிப் படுங்கள். இரவில் அவர் கையை வீசுவதைக் கைப்பேசியில் படமெடுத்து, அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். நடை தளர்ந்திருக்கிறதா, மணம் தெரிவது குறைந்திருக்கிறதா, கையெழுத்து சிறுத்திருக்கிறதா என்று மருத்துவர் கேட்கக்கூடும். இப்போதிருந்தே கவனித்து வையுங்கள்.