பேடாக் ஸ்டாண்ட்: பட்டறையில் செய்வதா, கடையில் வாங்குவதா?

கேள்வி: என் 200 சிசி பைக்கில் சென்டர் ஸ்டாண்ட் இல்லை. செயின் சுத்தம் செய்யப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டுக்கு ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தெருமுனை வெல்டிங் பட்டறையில் பாதி விலைக்குச் செய்துகொள்ளலாமா? (வாசகர், கோவை)

பதில்: பாதி விலைக்கு முடிவது கஷ்டம். ஒரு அங்குல சதுர இரும்பு பைப், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஸ்டாண்டுக்கு நான்கு மீட்டர் என்றால் ஆறு கிலோகூட வராது. இதுவரை மலிவுதான். ஆனால் கடையில் 20 அடி நீளத்தை முழுசாக வாங்கச் சொல்வார்கள். அப்புறம் சக்கரம், அச்சு, ரப்பர், பெயின்ட், கூலி. பட்டறைக்காரர் தெரிந்தவராக இருந்து, மிச்சத் துண்டுகளும் கையில் இருந்தால்தான் லாபம்.

செய்வதென்றே முடிவு செய்தால் கிரில்லுக்குப் போடும் 18 கேஜ் பைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அது 1.2 மி.மீ.தான், வெல்டிங்கில் சுலபமாக ஓட்டை விழும். அதைவிட முக்கியமானது அளவு. கைப்பிடியைத் தரைவரை அமுக்கும்போது, வண்டியை ஏந்தும் முனைகள் ஸ்டாண்டின் சக்கரத்துக்கு நேர்மேலே நின்றால் போதாது. அதையும் தாண்டி, இரண்டு விரல் அகலம் கைப்பிடிப் பக்கமாக வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் வண்டியின் எடையே ஸ்டாண்டைக் கீழே பிடித்து வைக்கும். இல்லையென்றால் லேசாகத் தட்டினாலும் ஸ்டாண்ட் எகிறி, வண்டி சாயும். வீட்டுத் தயாரிப்புகள் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். டயர் தரையிலிருந்து 3 செ.மீ. எழும்பினால் போதும், அதற்கு மேல் தூக்கினால் உங்கள் இடுப்புக்குத்தான் வேலை. முதல்முறை தூக்கும்போது கூட ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வாங்குவதானால், பின்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கைப்பகுதியான ஸ்விங் ஆர்மின் அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பூல் (ஸ்டாண்டின் முனை பிடித்துக்கொள்ளப் பக்கவாட்டில் திருகும் சிறு உருளை) மாட்டத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஸ்பூலைப் பிடிக்கும் வகை, இல்லாவிட்டால் ரப்பர் வைத்த எல் வடிவ முனை. இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி வரும் ஸ்டாண்ட் நல்லது. அதற்கு முன், உங்கள் மாடலுக்கு சென்டர் ஸ்டாண்ட் தனியாகக் கிடைக்குமா என்று ஷோரூமில் ஒரு வார்த்தை கேளுங்கள். சில வண்டிகளுக்கு உண்டு.

எந்த ஸ்டாண்டானாலும் சரி, இன்ஜினை ஓடவிட்டு செயினைத் துடைக்காதீர்கள். செயினுக்கும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஸ்டாண்ட் முதல்முறை தூக்கியதுமே வளைந்துவிட்டது. 'பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்பனையாளர். (வாசகர், ஈரோடு)

பதில்: அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். விற்பனைப் பக்கத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருந்தார்களோ, அதை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வளைந்த இடத்தின் படம், பில் இரண்டையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் கைக்கு வரும்வரை வளைந்த ஸ்டாண்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.