தம்பி செய்த லான்ட்மாஸ்டரை விற்கலாமா?

அன்புள்ள அம்மா,

போன வியாழன் புதுக்குடியிருப்பிலிருந்து உங்கள் மகனோடு பஸ் ஏறி வந்து, சொப்பிங் பையிலிருந்து கட்டும் முறை வரைந்த நாலு தாள்களை எடுத்து என் மேசையில் விரித்தீர்கள். தம்பி கம்ப்யூட்டரில் லெகோ விளையாட்டுக் கட்டைகளால் செய்த லான்ட்மாஸ்டர், அதாவது இரு சில்லு உழவு இயந்திரம். பெட்டி, சில்லு, நீண்ட கைபிடி இரண்டு, எல்லாம் அவ்வளவு வடிவாக இருந்தன. கனடாவில் கடை வைத்திருக்கிறவர் அதைக் காசுக்குக் கேட்கிறார், ஆனால் உங்கள் அண்ணாவோ "கொம்பனிக்காரன் வழக்குப் போடுவான், பொடியனை மறியலில் போடுவார்கள்" என்று பயப்படுத்திவிட்டார் என்றீர்கள். அன்றைக்கு வெளியில் ஆட்கள் காத்து நின்றதால் முழுதாகக் கதைக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விற்கலாம் அம்மா. ஆனால் இப்போது இருக்கிறபடி விற்க வேண்டாம்.

அண்ணா சொன்ன பயத்தை முதலில் பார்ப்போம். லெகோ கட்டையின் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான தனி உரிமை, 1958 ஜனவரியில் டென்மார்க்கில் விண்ணப்பித்தது. அது காலாவதியாகி எவ்வளவோ காலம். கட்டையின் வடிவத்தையே வியாபாரக் குறியாக வைத்திருக்க அந்த நிறுவனம் முயன்று பார்த்தது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே கட்டை போன்ற வடிவத்தில் ஒன்றை உருவாக்கியதற்காகத் தம்பியை யாரும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் லெகோ என்ற பெயரும் சின்னமும் இன்றும் அவர்களுடையவை. மஞ்சள் முகத்துடன் இருக்கிற சின்ன மனித உருவமும் அப்படித்தான். அதன் வடிவத்துக்கான வியாபாரக் குறி செல்லும் என்று 2015இல் ஐரோப்பாவில் தீர்ப்பு வந்தது. தம்பி என்ன செய்திருக்கிறார்? பெட்டியின் முன்பக்கத்தில் அந்த உருவத்தை இருத்தி, முதல் தாளின் மூலையில் லெகோ சின்னத்தையும் ஒட்டியிருக்கிறார். ஆசைக்குச் செய்தது, விளங்குகிறது. விற்கிற தாளில் இரண்டுமே இருக்கக் கூடாது.

அடுத்தது, தம்பி பாவித்த கட்டைகள் யாருடையவை என்பது. அவர் எடுத்திருப்பது லெகோ கட்டைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கிற எல்டிரா (LDraw) என்ற பொதுத் தொகுப்பிலிருந்து. ஜேம்ஸ் ஜெஸிமன் என்ற அவுஸ்திரேலியர் 1995இல் தொடங்கி வைத்தது அது. அவர் 1997இல் காலமானார். அதன் பிறகு உலகெங்கும் இருக்கிற ஆர்வலர்கள் கட்டை கட்டையாக வரைந்து சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் தம்பியிடம் 3001 என்ற கோப்பை நோட்பேட்டில் திறந்து காட்டச் சொல்லுங்கள். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டைதான். மேலே நாலைந்து வரிக்குள் செய்தவர் பெயர் இருக்கும், அதன் கீழே அனுமதி வரி இருக்கும். செய்தவர்களின் பெயரைச் சொன்னால் போதும், வியாபாரத்துக்கும் பாவிக்கலாம் என்பதுதான் அந்த அனுமதி. கடைசித் தாளில் ஒரு வரி போட்டுவிட்டால் அந்தக் கடன் தீர்ந்தது.

பிறகு தம்பியின் சொந்தக் கோப்பையும் திறக்கச் சொல்லுங்கள். அதில் கட்டையின் உருவம் எதுவும் இருக்காது. இன்ன நிறம், இன்ன இடம், இன்ன பக்கம் திரும்பி, இன்ன இலக்கக் கட்டை என்று வரி வரியாகப் போகும். அந்த அடுக்குத்தான் உங்கள் பிள்ளையின் உழைப்பு. நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சொந்தமாக ஆக்கிய படைப்புக்குப் பதிப்புரிமை தானாகவே வரும். எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் இஞ்சினில் இருக்கிறது. நான் கேட்டபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டு, அதை வேறொருவரின் மாதிரியிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அந்த மாதிரியை அதைச் செய்தவர் வணிக நோக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியிட்டிருக்கிறார். பெயர் போட்டாலும் அது சரிவராது. நிறத்தை மாற்றினாலும் சரிவராது. அவருக்கு எழுதி அனுமதி கேட்கலாம், அல்லது அந்தப் பகுதியைப் புதிதாகச் செய்யலாம். என்னைக் கேட்டால் புதிதாகச் செய்வதே நல்லது. உங்கள் முற்றத்தில் நிற்கிற லான்ட்மாஸ்டரைப் பார்த்துச் செய்யட்டும். அந்த இஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு கிழமை வேலை. லான்ட்மாஸ்டர் என்பதுகூட ஒரு கொம்பனியின் பெயர்தான். வன்னியில் நாங்கள் எல்லா மெஷினுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். விற்கும்போது இரு சில்லு உழவு இயந்திரம் என்று போடட்டும்.

கடைக்காரர் அனுப்பிய செய்தியில் "முழு உரிமையும்" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சொல்லுக்குச் சம்மதிக்க வேண்டாம். முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அதே மாதிரியைத் தம்பி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: கட்டும் முறைத் தாளை ஒரு வருடத்துக்கு அச்சடித்து விற்க அனுமதி, தம்பியின் பெயர் தாளில் இருக்க வேண்டும், இதே அனுமதியைத் தம்பி மற்றவர்களுக்கும் கொடுக்கலாம், இவ்வளவு காசு, இன்ன திகதிக்குள். இதை மின்னஞ்சலில் எழுதி, அவர் சம்மதம் என்று பதில் போட்ட பிறகுதான் தாளை அனுப்ப வேண்டும். மூலக் கோப்பு வீட்டிலேயே இருக்கட்டும்.

இதை நம்பிப் படிப்பை விடலாமா என்று வாசலில் நின்று கேட்டீர்கள். விட வேண்டாம். ஒரு மாதிரி விற்றதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் முப்பரிமாணத்தில் ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கிற மூளை இயந்திர வரைதலுக்கு நேராக உதவும். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போடுங்கள். வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தை நினைவில் வையுங்கள். என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமையில் 4, 5 என்று படிப்படியாக ஏறலாம், 7 என்பது பட்டத்துக்குச் சமம்.

அடுத்த வியாழன் தம்பியையும் லப்டொப்பையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வந்தால் கூட்டம் குறைவு. கடைக்காரருக்கு அனுப்பும் கடிதத்தைத் தம்பியையே எழுதச் சொல்லி, நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அதுவரை கனடாவுக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.